இரண்டாம் எண் கேசட்

வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு எந்த மனிதர் மேலும் லேசில் நம்பிக்கை வராது. "மாடு குறுக்க வந்துருச்சு மேடம்" என்பார்கள். போட்டோவைப் பார்த்தால் வண்டியின் பின்பக்கம் நசுங்கியிருக்கும். மாடு பின்னால் வந்தா முட்டியது என்று கேட்டால், கொஞ்சமும் கூசாமல், "ஆமா மேடம், அது ஒரு மாதிரி மாடு" என்பார்கள். இந்த வேலையில் நான் படித்துக்கொண்டது ஒன்றுதான். ஆளிடம் முதலில் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் உஷாராகிவிடுவார்கள், கதை தயாராகிவிடும். முதலில் வண்டியைப் பார்க்க வேண்டும், பிறகுதான் ஆளை.

இதை வீட்டுக்குள்ளும் கடைப்பிடித்தேன். அதில் வந்த வினையைத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் கிதார் வாசிப்பவர். மதுரையைச் சுற்றி எந்தக் கல்யாணம், எந்தக் கோயில் பொங்கல் என்றாலும் ஒரு காலத்தில் அவருடைய மெல்லிசைக் குழுதான். அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்த சிநேகிதர் ஒருநாள் கீபோர்டை விற்றுவிட்டு பைபாஸ் ரோட்டில் டைல்ஸ் கடை போட்டுவிட்டார். அதோடு குழு கலைந்தது. இவர் செல்லூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் பிள்ளைகளுக்குக் கிதார் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். மீதி நேரத்தில் பரிசோதனை.

பரிசோதனை என்றால் கிதாரை மடியில் வைத்து வாசிப்பது இல்லை. தரையில் மல்லாக்கப் போட்டு, கம்பிகளுக்கு நடுவில் என் கொண்டை ஊசியைச் செருகி, தேங்காய் நாரால் தேய்ப்பது. அது முனகும். நிறுத்தாமல் முனகும். கொண்டை ஊசிகள் எங்கே மாயமாகின்றன என்று நான் வீட்டு வேலைக்கு வந்த அம்மாவைச் சந்தேகப்பட்டு, அந்த அம்மா கோபித்துக்கொண்டு நின்றே போய்விட்டது. பிறகுதான் மாடியில் போய்ப் பார்த்தேன்.

மேலூர்ப் பக்கம் வெட்டி முடித்துக் கைவிட்ட கல் குவாரிகள் கிடக்கின்றன. கிதாரையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவார். பாறை விளிம்பில் கிதாரை வைத்துவிட்டு, காற்றே வாசிக்கட்டும் என்று காத்திருப்பார். ஒரு தடவை ஊர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பாறையில் மைக்கை ஒட்டி வைத்திருந்ததைப் பார்த்து, மறுபடியும் வெடி வைக்க அளவெடுக்க வந்த ஆள் என்று நினைத்துவிட்டார்கள். இல்லை, நான் கிதார் வாசிக்கிறவன் என்று சொல்லி, நாரை எடுத்துத் தேய்த்தும் காட்டியிருக்கிறார். அதைக் கேட்ட பிறகு அவர்களுடைய சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. திருவாதவூரில் இருக்கும் என் நாத்தனாருடைய வீட்டுக்காரர் பைக்கில் போய், "நம்ம மச்சினன்தான்யா, கொஞ்சம் அப்படித்தான்" என்று சொல்லி மீட்டு வந்தார்.

மாடியில் வாசித்து முடித்து இறங்கி வந்தால் அடுப்படி வாசலில் நின்று, "எப்டி?" என்பார். நான் "நல்லா இருக்கு" என்பேன். எனக்கு ஒன்றும் புரிந்ததில்லை. ஒரு மனிதர் சட்டை முழுக்க வியர்வையோடு வந்து நின்று கேட்கும்போது வேறு என்ன சொல்வது? குழம்புக்கு உப்புப் போதுமா என்று நான் கேட்டால் அவர் சொல்வதும் அப்படித்தான். குடும்பம் என்றால் இந்த மாதிரி சில்லறைப் பொய்கள் நடந்துகொண்டுதான் இருக்கும்.

போன வருஷம் ஒருநாள், "தனியா ஒரு ஆல்பம் போடப் போறேன். அம்பதே அம்பது காப்பி. கேசட்டுல" என்றார்.

"கேசட்டை இப்ப யாரு வச்சுக் கேக்கப் போறாங்க?"

"வச்சிருக்கவன் கேப்பான்."

இந்த மாதிரிச் சத்தங்களைத் தேடிப்பிடித்துச் சேர்க்கிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்களாம். பாதி அவர்களுக்குத் தபாலில் போகும், மீதி சொந்தபந்தங்களுக்கு என்றார். கேசட்டின் ஒரு பக்கம் குவாரியில் பதிந்தது. அது ஐம்பதிலும் ஒன்றுதான். மறுபக்கம்தான் அவருடைய பிரதாபம். அதை நகல் எடுக்க மாட்டாராம். ஒவ்வொரு காலி கேசட்டையும் டெக்கில் போட்டு, மைக்கைத் திறந்துவிட்டு, நாடா தீர்ந்து பொத்தான் தானாக 'டக்' என்று எழும்பும் வரை புதிதாக வாசிப்பார். ஐம்பது கேசட், ஐம்பது வாசிப்பு. பொத்தானை அமுக்கிய பிறகுதான் கிதாரையே எடுப்பார். இருமல், நாற்காலி இழுபடுகிற சத்தம், தெருவில் போகிற காய்கறி வண்டிக்காரர், எல்லாம் சேர்ந்துதான் இசையாம். நாடா தீருவதற்குள் வாசிப்பு முடிந்துவிட்டால் அப்படியே ஓடவிட்டுவிடுவார். பதிந்ததைத் திரும்பக் கேட்கவும் மாட்டார்.

"கேட்டா திருத்தணும்னு தோணும். திருத்துனா பொய்யாயிரும்" என்றார். பதிந்து முடித்த ஒவ்வொரு கேசட்டுக்கும் உப்புத்தாளில் உறை ஒட்டி, மேலே மார்க்கரால் எண் போட்டார். உப்புத்தாள் என்றால் கதவு, ஜன்னல் தேய்ப்பதற்கு வாங்குவோமே, அதுதான். கையில் எடுத்தாலே பிறாண்டும்.

முதல் எண் எனக்கு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் வைத்து, நடுவில் கேசட்டை வைத்துக் கொடுத்தார். கண்ணில் தண்ணீர் தளும்ப நின்றார். நானும் கலங்கிப்போய் வாங்கிக்கொண்டேன். கேட்க மட்டும் நேரம் வரவில்லை.

அவர் வெளியே போயிருந்த ஒரு சனிக்கிழமை, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே பழைய டேப் ரிக்கார்டரில் அதைப் போட்டேன். முதல் பக்கம் ஒரே காற்று. திருப்பிப் போட்டேன். முனகல், உரசல், குக்கர் விசில். கிதாரைக் கீழே வைக்கிற சத்தம். மின்விசிறி. போன் மணி. பிறகு அவர் குரல், ரொம்பத் தணிந்து.

"அவகிட்ட இன்னும் சொல்லல மாப்ள. சொன்னா தாங்கமாட்டா. இந்த ஆல்பம் மொதல்ல வெளிய போகட்டும். அதுக்கப்புறம்..."

'டக்.' நாடா தீர்ந்துவிட்டது.

வெங்காயம் உரிக்கிறபோது அழுவதில் ஒரு வசதி, யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் எனக்கு அழுகை வரவில்லை. மறுபடி ஓட்டிக் கேட்டேன். மறுபடியும் அதேதான். எதைச் சொன்னால் நான் தாங்கமாட்டேன்? அந்த மாப்ள யார்? அவருக்குப் பால்காரரிலிருந்து பஸ் கண்டக்டர் வரை எல்லோரும் மாப்ளதான். அதை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது.

நேரே கேட்டிருக்கலாம். கேட்க வேண்டியதுதானே என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தோன்றும். கேட்டால் கதை வரும். கதை கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் நான். அதனால் வாயை மூடிக்கொண்டு ஆளைக் கவனித்தேன்.

கவனிக்கக் கவனிக்க ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. கழுத்து தொங்கிப்போன டீ-ஷர்ட் தவிர எதுவும் போடாத மனிதர் முழுக்கைச் சட்டைகள் வாங்கி வந்தார். தோள் வரை வளர்த்திருந்த முடியை வெட்டிக்கொண்டார். மத்தியான நேரத்தில் எங்கேயோ போய்விட்டு வந்தார். கேட்டால், "சும்மா, பைபாஸ் பக்கம்" என்றார். பேன்ட்டில் வெள்ளையாக மாவு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. முகத்துக்குப் போடுகிற பவுடரோ என்று துணி துவைக்கும்போது விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். வாசம் இல்லை. நறநறவென்று இருந்தது. குவாரித் தூசு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் குவாரிக்கு யாராவது இஸ்திரி போட்ட சட்டையில் போவார்களா?

பெண் விவகாரம் என்று முதலில் தீர்மானித்தேன். அடுத்த நாள், இல்லை, ஏதோ பெரிய வியாதி, மறைக்கிறார் என்று தோன்றியது. அலமாரியில் மாத்திரை தேடினேன். அதற்கடுத்து, திருவாதவூரில் அவருக்கும் அவருடைய அக்காவுக்கும் பொதுவில் இருக்கிற வயலை விற்றுவிட்டாரோ என்று ஓடியது. ஒவ்வொன்றும் நிஜம் போலவே இருந்தது. அலுவலகத்தில் எல்லா மனுக்களையும் நிராகரித்துத் தள்ளினேன். பக்கத்து மேஜைக்காரர், "என்னம்மா, ஊருல ஒருத்தன் வண்டிகூட நெசமா இடிபடலியா?" என்று கேட்டே விட்டார்.

அப்போதுதான் பளிச்சென்று ஒன்று தட்டியது. அவர் கேசட்டுகளை வரிசையாகப் பதிந்தார். முதல் கேசட் தீரும்போது பேச்சு பாதியில் இருந்தது. அவருடைய வழக்கப்படி, பேசிக்கொண்டே அடுத்ததைப் போட்டுப் பொத்தானை அமுக்கியிருப்பார். அப்படியானால் மீதிப் பேச்சு இரண்டாம் எண் கேசட்டில், இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் இருக்க வேண்டும். திரும்பக் கேட்கும் பழக்கம் இல்லாத மனிதருக்கு அது தெரியவும் தெரியாது.

சாப்பாடு போடும்போது சாதாரணமாகக் கேட்டேன். "ரெண்டாம் நம்பரு யாருக்குக் குடுத்தீங்க?"

"யாருக்குத் தெரியும்? பையில கைய விட்டு வந்ததக் குடுத்தேன்" என்றார். ரசத்தை நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டார். அந்த நிதானமே எனக்குப் பிடிக்கவில்லை.

சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகப் பிடித்தேன். போனில் விசாரித்தவர்கள் எல்லோரும், "காது குளிரக் கேட்டோம், பிரமாதம்" என்றார்கள். எதில் போட்டுக் கேட்டீர்கள் என்றேன். ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "டிவிலதான்" என்றார். ஒரு வீட்டில் ஷோகேஸில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார்கள். வாடிப்பட்டியில் அவருடைய சித்தப்பா வீட்டுக்கு நானே போனேன். உறையைக் காணோம். "பைக்கு பிளக்கு கரி புடிச்சுக் கெடந்துச்சும்மா. தம்பி குடுத்த தாளு எம்புட்டு நல்லாத் தேயுதுங்கிற! இன்னொண்ணு இருந்தா அனுப்பி விடச் சொல்லு" என்றார். உள்ளே இருந்த கேசட்டை எடுத்துப் பார்த்தேன். அது பதினேழாம் எண்.

கடைசியில் நாத்தனாருக்குப் போன் செய்தேன். எண்ணைப் படிக்கச் சொன்னேன். "ரெண்டுன்னு போட்டுருக்கு. ஏன்?" என்றார். சும்மாதான் மதினி என்று சொல்லி வைத்துவிட்டு, மறுநாளே லீவு போட்டு, திருவாதவூர் போக மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் மேலூர் பஸ் ஏறினேன்.

அவர் என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். என்னிடம் எப்போதும் பிரியமாகத்தான் இருப்பார். காப்பி கொடுத்தார், முறுக்கு கொடுத்தார். கேசட்டைத் தரச் சொன்னவுடன் முகம் மாறிவிட்டது. அது சாமி அலமாரியில் இருந்தது. மஞ்சள் குங்குமம் அப்பியிருந்தது, மேலே செம்பருத்திப் பூ.

"ஒரு நாள் குடுங்க மதினி. கேட்டுட்டுத் திருப்பிக் குடுத்துர்றேன்."

"என்ன பேச்சு பேசுற? பொறந்த வீட்டுல இருந்து தம்பி தட்டுல வச்சுக் குடுத்தது. அவன் கையால மொதமொதல்ல செஞ்ச பொருளு. எனக்கு அது சீரு. சீரை யாராச்சும் வாசப்படி தாண்டித் திருப்பிக் குடுப்பாகளா?"

"திருப்பி இல்ல மதினி, கேட்டுட்டு..."

"உன்கிட்ட ஒண்ணு இருக்குல்ல? அதுலயும் அதே பாட்டுதான?"

அதே பாட்டு இல்லை என்று நான் எப்படி விளக்குவது? விளக்கினால் எதற்கு என்று கேட்பார். நான் விழித்தேன். என் முழியைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அவன் அனுப்புனானா? குடுத்ததத் திருப்பி வாங்கிட்டு வான்னு சொன்னானா? எம்மேல என்ன கோவம் அவனுக்கு?" என்று கண்ணைக் கசக்கினார். அவரைச் சமாதானப்படுத்திவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் வரும்போது என் புத்தி வேறு பக்கம் போனது. இவ்வளவு பிடிவாதம் எதற்கு? அக்காவும் தம்பியும் கூட்டோ? வயல் விவகாரம்தானோ? அந்த அழுகைகூட நடிப்போ? பெற்ற தாயைவிட என்னைத் தாங்கியவர் அவர். என் முதல் பிரசவத்தில் கூடவே இருந்து பார்த்தவர். அவரையே சந்தேகப்பட்டுக்கொண்டு திருவாதவூரிலிருந்து மதுரை வரை வந்து சேர்ந்தேன். எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை.

இரண்டாவது கிடைக்காததால் என் கேசட்டையே குடைய ஆரம்பித்தேன். அவர் வெளியே போகிற நேரமெல்லாம் அதைப் போட்டுக் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். குவாரியில் ஓர் இடத்தில் பெண் பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். கூட யார் இருந்தது? பத்துத் தடவை ஓட்டியிருப்பேன். பெண் இல்லை. காற்று நின்று, தளர்ந்த கம்பி அடங்குகிற சத்தம். இன்னோர் இடத்தில் யாரோ சிரிக்கிற மாதிரி இருந்தது. அதுவும் இல்லை, கீழே குவாரித் தண்ணீரில் கல் உருண்டு விழுகிறது. இப்படி ஒவ்வொரு சத்தத்தையும் நிறுத்தி விசாரித்து, நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று கேட்டுக் கேட்டு அனுப்பினேன். இந்த உலகத்தில் வேறு யாரும் அந்தக் கேசட்டை அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு காக்கை கரையும். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அப்புறம் அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பும், படுத்திருந்த மாடு கால் ஊன்றி எழுந்திருக்கிற மாதிரி. எழுந்து, நின்று, பாறை முழுக்கப் பரவி, போய்விடும். அந்த இடம் வரும்போது அடுப்பை அணைத்துவிட்டு நிற்க ஆரம்பித்தேன். ஒருநாள் அலுவலகத்திலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே போய் டேப்பைப் போட்டேன். எதையும் கண்டுபிடிக்கப் போடவில்லை, கேட்க வேண்டும் போல இருந்தது, போட்டேன். அது பிடித்துப் போய்விட்டது எனக்கு. இத்தனை வருஷம் மாடியில் அவர் என்ன தேடிக்கொண்டிருந்தார் என்று கொஞ்சம் தெரிந்த மாதிரி இருந்தது. அது தெரிந்ததும் பயம் இன்னும் அதிகமானது. இப்படி ஒன்றைச் செய்யத் தெரிந்த மனிதர் என்னிடமிருந்து எதை ஒளிக்கிறார்?

சீர் வெளியே வராது என்றால் டேப் ரிக்கார்டர் உள்ளே போகலாமே என்று அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. மேலூரில் ஒரு லாரி பார்க்கப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, டேப் ரிக்கார்டரை வயர்க் கூடையில் வைத்து மேலே துண்டு போட்டு மூடி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை எந்த ஆபீஸ் லாரி பார்க்கும் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குச் சந்தேகப்படத் தெரியாது.

நாத்தனார் என்னையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க வீட்டுலயே, உங்க கண்ணு முன்னாலயே கேக்கறேன் மதினி" என்றேன். விளக்கேற்றி, பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கேசட்டை அவரே எடுத்து வந்து கொடுத்தார். நான் இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். நாற்காலி இழுபட்டது. இருமல்.

"...போடா, பொம்பள விஷயம்னா நான் ஏன் உன்கிட்டச் சொல்றேன்? உன் கடைக்கு வேலைக்கு வாரேன்னு சொன்னேன்ல, அதத்தான் அவகிட்டச் சொல்லல. டைல்ஸு தூக்கிக் காட்டுறதுக்கு எனக்கென்னடா வெக்கம்? எனக்கு ஒண்ணும் இல்ல. அவளுக்குத்தான். இத்தன வருஷமா நான் எதத் தேச்சுட்டு எறங்குனாலும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொன்னவ அவ ஒருத்திதான். ஊருல ஒருத்தன் சொன்னதில்ல. அவ நம்புறாடா. எனக்கே எப்பயோ தெரிஞ்சுபோச்சு, இதுல ஒண்ணுமில்லன்னு. அவ நம்பிக்கைக்காகத்தான் இழுத்துட்டு வாரேன். இந்த ஒண்ண அவளுக்காகப் போட்டுட்டு, கிதாரு, மைக்கு எல்லாத்தையும் மூட்ட கட்டிருவோம். சரி, வையி. வாசிக்கணும்."

அதற்குப் பிறகு கம்பி முனக ஆரம்பித்தது. நான் நிறுத்தவில்லை.

நாத்தனார் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். "நீ அம்புட்டா அவனப் பாராட்டுன?" என்றார்.

"ஆமா மதினி."

"நெசமாவே புடிக்குமா உனக்கு?"

"அப்பப் புடிக்காது. இப்பப் புடிக்குது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல ஆளுகடியம்மா ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய்ச் சோறு எடுத்து வைத்தார். பெண் விவகாரம் இல்லை, வியாதி இல்லை, வயலும் பத்திரம். மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆனால் அவர் விட்டுவிடப் போகிறார் என்ற ஒன்று மட்டும் பாரமாக உட்கார்ந்துவிட்டது. எனக்குப் பிடிக்காதபோதெல்லாம் வாசித்துத் தள்ளிவிட்டு, எனக்குப் பிடித்துப்போன நேரத்தில் நிறுத்துகிறாரே! எப்படியும் நிறுத்தவிடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு பஸ் ஏறினேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மாடி அறையில் மைக் வயர்களைச் சுருட்டி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கதவோரம் நின்று, "உங்க அக்கா வீட்டுல ரெண்டாம் நம்பரக் கேட்டேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. போனில் பேசியது பதிந்திருக்கிறது என்று சொன்னேன். முகம் செத்துப்போய் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

அங்கேதான் நான் கெடுத்தேன். எங்கள் வேலையில் எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். தேதி, இடம், நடந்தது, கடைசியில்தான் முடிவு. அதே மாதிரி ஆரம்பித்தேன்.

"எனக்காக இழுத்துட்டு வந்தேன்னு சொன்னீங்கள்ல? நான் நல்லா இருக்குன்னு சொன்னதெல்லாம் புரிஞ்சு சொன்னது இல்லங்க. உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொன்னது. ஆனா இப்ப..."

'ஆனா'வுக்கு மேல் அவர் விடவில்லை. தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். எத்தனையோ வருஷமாக அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. "அம்புட்டும் சும்மாவா? நான் உனக்காக வாசிச்சுட்டு இருந்தேன், நீ எனக்காகக் கேட்டுட்டு இருந்தியா? அட கிறுக்கச்சி! எம்புட்டுப் பெரிய பாரம் எறங்குச்சு தெரியுமா? உன்கிட்ட எப்டிச் சொல்றதுன்னு ராத்திரி தூக்கமே இல்ல எனக்கு" என்றார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார்.

"இல்லங்க, கேளுங்க. இப்ப நெசமாவே புடிச்சிருக்கு. அந்தக் குவாரில, காக்கா கத்துனதுக்கு அப்புறம் ஒண்ணு வருதே..."

"விடு." என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். "இனிமே எனக்காகப் பொய் சொல்ல வேணாம்."

சத்தியம் செய்தேன். நாங்கள் பெற்ற பிள்ளைகள் மேல் ஆணையிட்டேன். கோபத்தில் கத்தவும் செய்தேன். நான் சொல்லச் சொல்ல அவருக்கு என் மேல் இரக்கம்தான் கூடியது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அலுவலகத்தில் எதிரில் இருக்கிற ஆள் எவ்வளவு சத்தியம் செய்கிறாரோ அவ்வளவு சீக்கிரம் நான் கோப்பை மூடிவிடுவேன். சந்தேகப்படவே தெரியாத மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரைச் சந்தேகப்பட்டார். அதுவும் நான் உண்மை பேசுகிறபோது.

"மத்தியானத்துல போய் வேலையெல்லாம் பழகிட்டேன், ஒண்ணாந்தேதி கடையில சேர்றேன். கவலப்படாத" என்றார். தரையில் மல்லாந்து கிடந்த கிதாரை எடுத்தார். கம்பிகளுக்கு நடுவில் இருந்ததையெல்லாம் உருவிப் போட்டார். துணியால் துடைத்து, மடியில் நிமிர்த்தி வைத்து, ஒவ்வொரு கம்பியாகச் சுருதி கூட்டினார். அப்புறம் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகக் கேட்டார். "சொல்லு. எந்தப் பாட்டு வேணும்?"

மெல்லிசை மேடையில் நின்று கல்யாண வீட்டுக்காரர்களிடம் கேட்கிற அதே கேள்வி, அதே குரல்.

"குவாரில வாசிச்சது" என்றேன்.

"சும்மா இருடி" என்று சிரித்துவிட்டு, அவரே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். பொண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறும்போது வாசிக்கிற பழைய சினிமாப் பாட்டு. எல்லோருக்கும் பிடிக்கும். ஒரு சுரம் தப்பவில்லை, ஓர் உரசல் இல்லை. அவ்வளவு சுத்தமாக வாசித்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அடக்கப் பார்த்தும் முடியாமல் அழுதுவிட்டேன். பாட்டு அவ்வளவு பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் அதை முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தார்.